வனஜா வீட்டுக் குடங்கள்

ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். வருவதற்கு முன்னால் குழாயில் வெறும் காற்று வரும். சளி பிடித்த கிழவன் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். அது கேட்டதும் சந்து முழுக்கக் குடம் உருளும், எல்லம்மா யாரையாவது திட்டத் தொடங்குவாள், நான் தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடுவேன். அறுபது தாண்டியும் ஓடத்தான் செய்கிறேன். என் முழங்கால் வலி தண்ணீருக்குத் தெரியுமா என்ன?

அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுகிறவன் என் வீட்டுச் சுவரை ஒட்டிய வீட்டுக்காரன். பெயர் இராஜமாணிக்கம். வால்வ்மேன். மார்பளவு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வைத்திருப்பான், மேலே குறுக்கே ஒரு கைப்பிடி. தெருவில் இருக்கும் மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கி, குழிக்குள் சாவியை விட்டு, இரண்டு கையாலும் சுற்றுவான். இந்தத் தெருவுக்குத் திறந்தால் அடுத்த தெருவுக்கு மூட வேண்டும். மேட்டு வீடுகளுக்கு ஏறும்வரை பள்ளத்து வீடுகளுக்குக் குறைக்க வேண்டும். எந்தக் குழியில் எத்தனை சுற்று என்பதெல்லாம் அவன் கைக்குத்தான் தெரியும்.

அதோடு விட்டால் பரவாயில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருப்பேன், வாசலில் வந்து நிற்பான்.

"குடகு மலையில மழை பிடிச்சிருச்சாம்க்கா. இனி கவலை இல்ல. அங்க பெய்யறது கண்ணம்பாடி டேமுக்கு வருது. அங்கேர்ந்து சீரங்கப்பட்டணம். அதைத் தாண்டி சிவனசமுத்திரம் கிட்ட ஒரு அணை, அங்கதான் நம்ம பங்கை எடுக்கறாங்க. தொரேகாடனஹள்ளில, அதான் டி.கே. ஹள்ளி, சுத்தம் பண்ணி, மோட்டர் போட்டு மேல தள்ளி, ஹாரோஹள்ளில திரும்பத் தள்ளி, தாதகுணில திரும்பத் தள்ளி... உலகத்துல தண்ணி எல்லாம் பள்ளத்துக்கு ஓடும்க்கா. நம்ம ஊருக்கு மட்டும்தான் மேடு ஏறி வருது."

"ஆமாமா. நீயே முதுகுல தூக்கிட்டு வர்றியாக்கும்," என்பேன். "நீ பொறந்தது காவேரிப்பட்டணம். அந்த ஊர்ல ஓடறது பெண்ணையாறு. காவேரிக்கும் உங்க ஊருக்கும் பேரைத் தவிர என்ன சம்பந்தம்? எனக்கு ஆறு சொல்லித்தர வந்துட்ட!"

சிரிப்பான். அவன் மகன் பாலகுமார் பின்னாலேயே வந்து நிற்பான். ஏ.சி. மெக்கானிக். எப்போதும் கையில் ஒரு ஸ்பேனர், காதில் ஒரு வயர். அப்பா தொடங்கியதும் பஸ் கண்டக்டர் மாதிரி குரலை மாற்றிக்கொள்வான்: "கண்ணம்பாடி, சீரங்கப்பட்டணம், டி.கே. ஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி, ஜோகுபாளையா! எறங்கு எறங்கு, ஜோகுபாளையா எறங்கு!" உள்ளேயிருந்து அம்மாக்காரி வனஜா, "டேய், அப்பாவைக் கிண்டல் பண்ணாத," என்று சத்தம் போடுவாள். போடும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சுவர் மெல்லிய சுவர், எனக்கு எல்லாம் கேட்கும்.

ஆடி பிறந்த வாரம் பாலகுமாருக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் டெங்கு. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க அலைந்து, கிடைத்து, ரத்தத்தில் தட்டணு இறங்குகிறது என்றார்கள், ஏறுகிறது என்றார்கள், மறுபடி இறங்குகிறது என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைத் துணி சுற்றி அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பையன். கடவுளுக்கு அன்றைக்கு வேறு வேலையே இல்லையா என்று நான் சர்ச்சுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, வழக்கம்போல.

வனஜா அழவில்லை. இராஜமாணிக்கமும் அழவில்லை. அவர்கள் மகள் தாரணிதான் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஓடிவந்து, ஆபீஸ் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள்.

எங்கள் ஆட்களுக்கு மண்தான். என் வீட்டுக்காரர் கிளிஃபர்டைக் கல்பள்ளிக் கல்லறையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு, இந்த வாரம் என்னென்ன நடந்தது என்று சொல்லிவிட்டு வருவேன். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமையாக அவர் கேட்டதில்லை. பாலகுமாரையும் அங்கேதான் கொண்டுபோனார்கள், மின் மயானத்துக்கு. போகும்போது ஒரு ஆள், வரும்போது ஒரு மண்சட்டி. சட்டியை என்ன செய்வது என்று அவர்கள் வீட்டில் பேச்சு நடந்தபோது நான் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வனஜாவின் அண்ணன் பாலசுப்ரமணியன் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்தார். "ஒகேனக்கல் போயிடலாம் மாப்ள. நம்ம சனம் எல்லாம் அங்கதான் கரைக்கறது. எங்கப்பாவையும் அங்கதான் விட்டோம்."

"ஒகேனக்கல் போனா இருட்டிடும் மச்சான். நாளைக்குத் தண்ணி நாள்," என்றான் இராஜமாணிக்கம். "சீரங்கப்பட்டணம்னா ரோடு நல்லா இருக்கு. மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம். இங்க எல்லாரும் அங்கதான் போறாங்க."

"என்ன மாப்ள நீங்க? ஒரு நாளைக்கு வேற யாராச்சும் தண்ணி விடமாட்டானா? புள்ளை காரியம்!"

"வர்றவனுக்கு நம்ம வால்வு புரியாது மச்சான். மேட்டு வீட்டுக்கு ஏறாது. டேங்க் ரோட்டுல ஒரு வால்வு இறுகிக் கெடக்கு, ஒடச்சிடுவான்."

பாலசுப்ரமணியன் தங்கையைப் பார்த்தார். வனஜா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கயோ ஒரு எடத்துல," என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு டீ கெட்டிலை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். பெற்ற பிள்ளை சட்டியில் இருக்கிறான், இவன் டேங்க் ரோட்டு வால்வைப் பற்றிப் பேசுகிறான். பிறகு யோசித்தால், அவனிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். இறுகிய வால்வை எப்படித் திருகுவது என்று அவனுக்குத் தெரியும். மற்றதெல்லாம் தெரியவில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணம் போய்விட்டு மத்தியானமே திரும்பினார்கள். வீட்டுக்குள் போவதற்கு முன்னால் இராஜமாணிக்கம் என் வாசலில் நின்றான். "கண்ணம்பாடி நெறஞ்சு தெறந்து விட்டிருக்காங்கக்கா. ஆறு ரெண்டு கரையும் தொட்டுட்டுப் போகுது. கையை விட்டதும் போயிட்டான். நல்ல இழுப்பு," என்றான். அப்போதும் ஆற்றின் இழுப்பைத்தான் பார்த்திருக்கிறான். அவனை உட்கார வைத்து ஒரு வாய் மோர் கொடுத்தேன், குடித்தான்.

மறுநாள் தண்ணீர் நாள். சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான், திறந்தான், வந்தது. அதற்கடுத்த தண்ணீர் நாளும் வந்தது. நான்காவதோ ஐந்தாவதோ முறை தண்ணீர் கலங்கி வந்தது. மலையில் பெருமழை பெய்தால் சில நாள் அப்படி வரும், எவ்வளவு சுத்தம் செய்தாலும் அடியில் லேசாக ஒரு செம்மண் நிறம் நிற்கும். வனஜா குனிந்து குனிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் வந்துபோனவர்கள் எல்லாப் பாத்திரத்தையும் காலி செய்துவிட்டிருந்தார்கள். நீல டிரம், பிளாஸ்டிக் குடங்கள், அண்டா, எவர்சில்வர் தவலை, எல்லாம் வழிய வழியப் பிடித்தாள். பழக்கம். கை செய்கிறது, ஆள் எங்கேயோ.

எல்லம்மா தன் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கோலார் பக்கத்துக்காரி, இந்தச் சந்திலேயே பேரன் எடுத்துவிட்டவள். வாய்க்கும் மனசுக்கும் நடுவில் அவளுக்குக் கதவு கிடையாது.

"ஐயோ, இன்னா இப்டி கலங்கி வர்து! சீரங்கப்பட்டணத்துல வெள்ளமாமே, டிவில காட்னான். அங்கேர்ந்துதானே மாணிக்கம் நமக்கு வர்து?"

அப்போதுதான் இராஜமாணிக்கம் சாவியோடு சந்துக்குள் நுழைந்தான். எல்லம்மா சொன்னது அவனுக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது. வனஜாவுக்கும் கேட்டது. இத்தனை வருஷம் கண்ணம்பாடி, சீரங்கப்பட்டணம் என்று ஊர் ஊராகச் சொன்ன வாய் அது. கண்டக்டர் மாதிரி அதைத் திருப்பிச் சொன்னவன் அவன் பிள்ளை. அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் எந்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அடப்பாவி மனுஷா, உனக்குமா தோன்றவில்லை?

எல்லம்மாவுக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. "நான் சும்னே சொன்னேன்ம்மா... சும்மா சொன்னேன்," என்றாள். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வனஜா அதை மூடினாள். உள்ளே போய்த் தட்டுகளை எடுத்து வந்து, பிடித்து வைத்த குடம் ஒவ்வொன்றையும் மூடினாள். டிரம்மின் மேல் ஒரு பழைய புடவையை மடித்துப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் குழாயைத் திறக்கவே இல்லை.

சந்தில் எல்லோருக்கும் காரணம் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தோம். பெற்ற பிள்ளையின் சாம்பல் கலந்த தண்ணீரை எந்தத் தாய் குடிப்பாள்? தண்ணீர் நாளில் எல்லோரும் பிடிப்போம், அவள் வீட்டுக் குழாய் மட்டும் மூடியே இருக்கும். இராஜமாணிக்கம் கேன் தண்ணீர் வாங்கி வந்து வைத்தான். ஊருக்கெல்லாம் காவேரி திறந்துவிடுகிறவன் தன் வீட்டுக்குக் கடையிலிருந்து கேன் தூக்கி வந்தான். கேனை அவள் வாயால் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனோடு பேச்சே இல்லை. குளிக்க அவன் பம்ப் ஹவுஸுக்குப் போய்விடுவான். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் என்று எதுவும் இல்லாமல் போனது. அந்த அமைதியில் என் மிஷின் சத்தம் எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் ரசமும் சுட்ட அப்பளமும் கொண்டுபோனேன். வனஜா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கேன். கேன் தண்ணீரைச் சாய்த்துச் சாய்த்துப் பாத்திரம் அலம்பினாள். அலம்பி முடித்து, மிச்சத்தை ஒரு பக்கெட்டில் ஊற்றிக் கழிப்பறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏய் வனஜா, என்னடி இது? குடிக்கிற தண்ணிய யாராச்சும் கக்கூஸுக்கு ஊத்துவாங்களா? அதுக்குத்தான் இத்தனை குடம் ரொப்பி வச்சிருக்கியே, அதை ஊத்த வேண்டியதுதானே!"

"இருக்கட்டும்க்கா," என்றாள்.

"குடிக்கத்தான் மனசு வரல, சரி. கழுவறதுக்கு என்ன?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. பிறகு, "ரசம் ஆறிடும்க்கா, வச்சிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். துக்கத்தில் புத்தி கலங்கியிருக்கிறது என்று நினைத்தேன். வெளியே வந்து எல்லம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன், அவள் அதைச் சந்து முழுக்கச் சொன்னாள்.

இராஜமாணிக்கத்தை மழைத் தூறலில் ஒரு நாள் வால்வுக் குழியருகே பிடித்தேன். முறம் போல ஒரு பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"மாணிக்கம், வேலைக்கு லீவு போட்டுட்டு அவளை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போப்பா. ரெண்டு பேரும் உக்காந்து ஒரு மூச்சு அழுங்க."

"அழுகை வரலக்கா." அவன் நிறுத்தாமல் சுற்றினான். "அன்னிக்கு எல்லம்மா சொன்னதுக்கு அப்புறம் தெறக்கப் போனேன் பாரு, கை நடுங்கும்னு நெனச்சேன். நடுங்கல. எப்பவும் போல சுத்திச்சு. எனக்கு அதான் பயமா இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

"அவ கிட்ட பேசினியா?"

"என்னன்னு பேசறது? உங்கண்ணன் ஒகேனக்கல்னு சொன்னாரு, நான்தான் கேக்கலன்னா? ஒகேனக்கல்ல விட்டிருந்தா, நமக்கு எடுக்கற அணைக்கு அந்தப் பக்கம். கீழ. ஒரு சொட்டு இங்க வராது. அவனுக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி. நான் போய் அணைக்கு மேல விட்டேன். தண்ணி நாள்னு சொல்லி." சாவியை உருவி எடுத்தான். குழிக்குள் தண்ணீர் ஓடும் அதிர்வு என் செருப்பு வரை வந்தது. "இன்னொண்ணு யோசிச்சியாக்கா? தினம் எத்தனை பேரு அங்க கரைக்கறாங்க. இத்தனை வருசமா யார் யார் வீட்டுப் புள்ளையோ இந்தப் பைப்புல வந்திருக்கு. நான் மேட்டு வீட்டுக்கு ஏறுச்சா இல்லையான்னுதான் பாத்தேன்."

வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தேன், பார்த்தேன், குடித்தேன். தாகம் தாகம்தானே.

தாரணி ஒரு முடிவோடு வந்தாள். அம்மாவைத் தன் ஃபிளாட்டுக்கே கூட்டிப்போய்விடுவது என்று. "எங்க அபார்ட்மென்ட்ல காவேரி கனெக்‌ஷனே கெடையாது லீனாக்கா. போர் தண்ணி, இல்லன்னா டேங்கர். அம்மாவுக்கு அந்த நெனப்பே வராது," என்றாள். காவேரி இல்லை என்பதை ஒருத்தி இவ்வளவு ஆறுதலாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அப்பா?"

"அப்பா எங்க வருவாரு? அவர் வால்வை விட்டு நகர்வாரா? ரிடையர் ஆனதும் பாக்கலாம்." குரல் உடைந்தது. "அம்மா இங்க இருந்தா செத்துப்போயிடுவாங்கக்கா. அப்பா மூஞ்சியப் பாக்கறதில்ல, தண்ணியத் தொடறதில்ல. இது ஒரு வீடா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் போனால் வனஜா திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பேசாமலேயே பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டியை நான் பார்த்திருக்கிறேன். சண்டை போட்டால் சேர ஒரு வழி இருக்கும். இவர்கள் சண்டையும் போடவில்லை. இராஜமாணிக்கத்திடம் கேட்டதற்கு, "போகட்டும்க்கா, அவ நல்லா இருந்தா சரி," என்றான். அவனும் அதை எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறான்.

புறப்படும் அன்று காலையில்தான் கார்ப்பரேஷனிலிருந்து டெங்குவுக்காக வீடு வீடாகப் பார்க்கிற பெண் வந்தாள். பெயர் ஸ்னேஹா, கன்னடக்காரி, தமிழும் பேசுவாள். கையில் ஒரு டார்ச். என் வீட்டுப் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்துவிட்டு, எல்லம்மா வீட்டு உடைந்த பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு, வனஜா வீட்டுக்குள் போனாள். தாரணி அம்மாவின் புடவைகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் வழியனுப்பப் போயிருந்தேன். வனஜா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், தலை வாரி, பொட்டு வைத்து, யாரோ ஏற்றி இறக்கப்போகும் சாமான் மாதிரி.

ஸ்னேஹா பின்கட்டில் டிரம்மின் மேலிருந்த புடவையை விலக்கி டார்ச் அடித்தாள். "அய்யோ, நோடிம்மா, இதுல லார்வா இருக்கு. பாருங்க, குட்டிக் குட்டியா நெளியுது. எவ்ளோ நாளாச்சு இந்தத் தண்ணி புடிச்சு? குடம் எல்லாத்துலயும் இருக்கும். எல்லாத்தையும் கொட்டணும்," என்றாள். கையோடு ஒரு குடத்தை எடுத்துச் சாக்கடைத் துளையின் பக்கம் சாய்த்தாள்.

வனஜா எப்போது எழுந்தாள், எப்போது வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. ஸ்னேஹாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"கொட்டாத."

"கொசும்மா. டெங்கு வரும்."

"எனக்குத் தெரியும் என்ன வரும்னு. கொட்டாத."

தாரணி ஓடிவந்து அம்மாவைத் தோளோடு பிடித்தாள். "அம்மா, விடும்மா. நீதான் அதைத் தொடறதே இல்லையே. கொட்டிட்டுப் போகட்டும். உனக்குத்தான் அது வேணாமே!"

"யாரு சொன்னா வேணாம்னு?"

அந்த நேரத்தில்தான் இராஜமாணிக்கம் காலைச் சுற்று முடித்து வந்து, நிலைப்படியில் சாவியோடு நின்றான். வனஜா அவனைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

"நான் குடிக்க மாட்டேன்னு யாரு கிட்ட சொன்னேன்? இவரு பாட்டுக்குக் கேன் கொண்டாந்து வச்சாரு. ஊரு பாட்டுக்குப் பேசிச்சு. இந்தக் குடத்துத் தண்ணியைத்தான் தெனம் வடிகட்டிக் காய்ச்சிக் குடிச்சிட்டு இருக்கேன். சோறும் இதுலதான் ஆக்கறேன். எனக்கென்ன அருவருப்பு? பத்து மாசம் வயித்துல வச்சிருந்தவ நான். மறுபடியும் என் வயித்துக்குள்ளயே வந்தா வரட்டும்."

அவள் குரல் ஏறவே இல்லை. அரிசி விலை சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"குடிக்கறது கஷ்டம் இல்லடி தாரணி. எச்சித் தட்டு கழுவி ஊத்தறது, துணி அலசி ஊத்தறது, கக்கூஸுக்கு ஊத்தறது... அதுக்குத்தான் மனசு வரல. என் புள்ளைய நான் சாக்கடையில தள்ளுவனா? அன்னிக்குப் பிடிச்சதை அப்படியே வச்சிருக்கேன். அப்புறம் கொழாயத் தெறக்கல. தெறந்தா வந்துட்டே இருக்கும். எங்க வைக்கறது அவ்வளவு தண்ணிய?"

நான் கேன் தண்ணீருக்காக அவளைத் திட்டியது ஞாபகம் வந்து உடம்பெல்லாம் கூசியது. பாத்திரத்துக்கும் கழிப்பறைக்கும் கேன், வாய்க்குக் காவேரி. சந்து முழுக்க ஒன்றை நினைத்தோம், அவள் நேர்மாறாக வாழ்ந்துகொண்டிருந்தாள். ஸ்னேஹா குடத்தை நேராக நிமிர்த்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விஷயம் என்னவென்று முழுதாகத் தெரியாது. ஆனால் அவளும் ஒரு பிள்ளைக்காரிதான் போல, கீழே வைக்கவில்லை.

இராஜமாணிக்கம் சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தான். சாக்கடைத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். அழுவான் என்று நினைத்தேன். அவனுக்கு இரண்டும் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னான்.

"இது சந்து மொனையில பெரிய பைப்புல சேருது," என்றான். "அங்கேர்ந்து தொம்மலூர் பக்கமாப் போகுது. அப்புறம் சல்லகட்டா. அங்க சுத்தம் பண்றாங்க, கொஞ்சத்தைக் கோலாருக்குத் தள்ளிடறாங்க. மிச்சம் பெல்லந்தூர் ஏரி. அதுக்கப்புறம் வர்த்தூர் ஏரி."

"அந்த நொரை பொங்கற ஏரியா?" என்றாள் வனஜா.

"அதேதான்."

"ரோட்டுல எல்லாம் பறக்குமே, அந்த நொரையிலயா?"

"ஆமா வனஜா. பொய் சொல்ல மாட்டேன். அதுக்குள்ளதான் போகணும்."

அவள் முகம் மாறவில்லை. "அப்புறம்?"

"அப்புறம் ஒரு ஆத்துல விழுது. இங்க தட்சிண பினாகினின்னு சொல்லுவாங்க. நம்ம எல்லைக்குள்ள போயிட்டா அதான் பெண்ணையாறு." அவன் இப்போதுதான் தலையை நிமிர்த்தினான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. "ஓசூருக்கு முன்னாடி கெலவரப்பள்ளி டேம். அப்புறம் கிருஷ்ணகிரி டேம். அங்க தெறந்து விட்டா..."

நிறுத்தினான். தொண்டையில் அந்தக் காற்று வந்தது, தண்ணீருக்கு முன் குழாயில் வருகிற மாதிரி.

"காவேரிப்பட்டணம்," என்றான்.

அவன் பிறந்த ஊர். தாரணி என் கையைப் பிடித்திருந்தாள், நகம் அழுந்தியது.

"எறங்கு," என்றாள் வனஜா. மிகவும் மெதுவாக. பிறகு இன்னொரு முறை, பாலகுமார் சொல்வது மாதிரியே இழுத்து, "எறங்கு எறங்கு, காவேரிப்பட்டணம் எறங்கு."

இராஜமாணிக்கம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் தோள் ஆடியது. வனஜா அவனைத் தொடவில்லை, ஆனால் அவன் பக்கத்தில் போய்க் குந்தினாள். ஸ்னேஹாவிடமிருந்து குடத்தை வாங்கினாள். சாய்த்தாள். ஒரேயடியாகக் கொட்டவில்லை, குழந்தைக்குத் தலையில் ஊற்றுவது மாதிரி, கையை வைத்து வழியவிட்டாள். அடுத்த குடம். அடுத்தது. தவலையை இராஜமாணிக்கம் தூக்கிக் கொடுத்தான். டிரம்மை இரண்டு பேருமாகச் சேர்ந்து சாய்த்தார்கள்.

"நாளைக்குத் தண்ணி நாளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"டிரம்மைத் தேச்சுக் காய வைக்கணும். தாரணி, அந்தப் பையை உள்ள வை. உனக்கு ஆபீஸ் இல்லையா?"

எங்கள் சந்தில் பாதி வீடுகளுக்குப் பின்கட்டுத் தண்ணீர் வாசலில் ஓடும் திறந்த கால்வாய் வழியாகத்தான் பெரிய பைப்புக்குப் போகும். அன்றைக்கு அவ்வளவு தண்ணீரும் அந்த வழியாக வந்தது. நானும் தாரணியும் வெளியே வந்தபோது எல்லம்மா துடைப்பத்தோடு தன் வாசலில் நின்றிருந்தாள். என்னவென்று கேட்க வாயைத் திறந்து, எங்கள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். கால்வாயில் கிடந்த இலையையும் பால் கவரையும் துடைப்பத்தால் ஒதுக்கிவிட்டாள். தண்ணீர் முழுக்கப் போகும்வரை ஓரமாக நின்றாள்.